உன் குரலை எடுத்துவிட்டுப் போட்ட படம்

அக்கா,

இன்று பகல் மூன்று மணி இருக்கும். நண்டு கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு டிவியிலிருந்து அந்தப் புல்லாங்குழல் கேட்டது. முதலில் இரண்டு இழுப்பு, அப்புறம் வயலின்கள் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். நம் ஊரில் எடுத்த படத்தின் இசை. எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். இந்நேரம் நீ திரையில் மணல்மேல் உட்கார்ந்திருப்பாய். உன் வாய் அசைந்துகொண்டிருக்கும். ஒரு சொல்லும் வெளியே வராது.

பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டி, "நம்ம அக்கா வருது, வந்து பாரு" என்றாள். "கையெல்லாம் நாறுது, நீ பாரு" என்று சொல்லிவிட்டேன். இசை முடியும்வரை நண்டுச் சட்டியில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

நீ போய் இரண்டாவது மழைக்காலம் வரப்போகிறது.

நம் இரண்டு பேருக்கும் படம் பார்ப்பது பொழுதுபோக்கா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அங்கன்வாடிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் வருவேன். மார்க்கெட்டில் இறால் கூடையைக் காலி பண்ணிவிட்டு நீ வருவாய். என் போனைப் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்ப்போம். படம் ஓடும்போது பேசக் கூடாது என்பது உன் சட்டம். முடிந்த உடனே "எப்படிக்கா?" என்று கேட்டாலும் சொல்ல மாட்டாய். "இரு, அடங்கட்டும்" என்பாய். சாயங்காலம் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிற்கும்போதுதான் உன் தீர்ப்பு வரும். "பாக்கலாம்" அல்லது "வேணாம்". அதற்குப் பிறகுதான் காரணங்கள்.

உன் காரணங்களைக் கேட்பதற்கென்றே தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் உண்டு. சாகிறவன் இவ்வளவு நேரம் வசனம் பேச மாட்டான் என்பாய். மீன் கழுவாத கைக்காரியை மீன்காரியாகப் போட்டிருக்கிறார்கள், வளையலைப் பார் என்பாய். நீ பிறந்த சுண்ணாம்புக்குளத்தில் பாதிப் பேச்சு தெலுங்கு. அதனால் தெலுங்கிலிருந்து வந்த படமென்றால் உதட்டைப் பார்த்தே, "அவன் அங்க வேற சொல்றான், இவனுங்க வேற வெச்சிட்டானுங்க" என்று பிடித்துவிடுவாய். கடல் வரும் படங்களிடம்தான் உனக்கு இரக்கமே கிடையாது. "அலை இன்னா ரேஷன் கடை வரிசையா, ஒண்ணு பின்னால ஒண்ணு நின்னுனு வர்றதுக்கு?" என்பாய்.

நான் எல்லாவற்றுக்கும் அழுவேன். நாய்க்குட்டி தொலைந்தால்கூட அழுவேன். "உனக்கு கண்ணுல குழாய் வெச்சி உட்ருக்கான்" என்பாய். நீ அழுது நான் பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை.

அந்தப் படம் எடுப்பதற்குப் பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு வெளியே படகு கவிழ்ந்தபோது இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் நீந்திக் கரைசேர்ந்தார்கள். மூன்றாவது ஆள் உன் வீட்டுக்காரர். பதினைந்து நாள் தேடினார்கள். அதற்குப் பிறகு பெரியவர்கள் வந்து காரியம் செய்துவிடலாம் என்றார்கள். "ஒடம்பு வரட்டும்" என்று சொன்னாய். உடம்பு வரவில்லை. காரியமும் நடக்கவில்லை. பொட்டை எடுக்கச் சொல்லி உன்னிடம் கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை. மறுவாரம் இறால் கூடையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாய்.

இதெல்லாம் தெரிந்துதான், அக்கா, நான் அதைச் செய்தேன்.

படக்காரர்கள் கலங்கரை விளக்கத்துப் பக்கம் மணலில் கூடாரம் போட்டபோது, உதவி இயக்குநர் என்று ஒரு பெண் அங்கன்வாடிக்கு வந்தாள். கரையில் ஒரு பிணம் ஒதுங்கும் காட்சி, சுற்றி உட்கார்ந்து அழ எட்டுப் பெண்கள் வேண்டும் என்றாள். எட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தேன். உன் பெயரை முதலில் எழுதினேன். இவ்வளவு படம் பார்த்தவள், எடுப்பதையும் பார்க்கட்டுமே என்று உன்னிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. மீதியை அப்போது எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. நீ அழுவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

"இன்னா வேஷம்?" என்று கேட்டாய்.

"சும்மா கும்பல்ல உக்காந்து அழணும்."

"எனக்கு வராதே."

"வராட்டி முந்தானையால மூஞ்ச மூடிக்க. யாரு பாக்கப் போறாங்க?"

வந்தாய். வந்ததும் வராததுமாக உன் புடவை பளிச்சென்று இருக்கிறது என்று சொல்லி ஒரு கிழிசல் புடவையைக் கட்டச் சொன்னார்கள். "எங்க ஊர்ல பிச்சைக்காரிகூட இத கட்ட மாட்டா" என்றாய் அந்தப் பெண்ணிடம். ஆனாலும் கட்டிக்கொண்டாய். பகல் முழுக்கக் காத்திருந்தோம். எலுமிச்சைச் சாதம் கொடுத்தார்கள். வெயில் கொஞ்சம் சாய்ந்த பிறகுதான் கூப்பிட்டார்கள்.

பிணமாக நடிக்க முப்பத்தைந்து வயசுக்காரர் ஒருத்தர் லுங்கியோடு படுத்திருந்தார். ஒல்லியான ஆள். தலையோடு கால் தண்ணீரை ஊற்றி, மணலை அப்பி, முகத்தை ஒருக்களித்து வைத்திருந்தார்கள். முதல் தடவை நம் பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். இரண்டாவது தடவை வெயில் மறைந்துவிட்டது என்றார்கள். மூன்றாவது தடவை எல்லோரும் சத்தம் போட்டு அழ ஆரம்பித்தோம்.

நீ அழவில்லை. எழுந்தாய். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லியிருக்கவில்லை. எங்களைத் தாண்டிப் போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாய். அவர் காதில் ஒட்டியிருந்த மணலை ஒரு விரலால் வழித்துவிட்டாய். பிறகு பேச ஆரம்பித்தாய். ஒப்பாரி இல்லை, ராகம் இல்லை. வீட்டுக்குள் பேசுகிற குரல்தான். பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"கோவத்துல சொன்னதுயா. காலைல வாய்க்கு வந்தத சொன்னேன். போனா அப்டியே போ, வராதன்னு. நான் சொன்ன ஒண்ணையும் நீ கேட்டதில்ல. குடிக்காதன்னா கேக்கல. காத்து சரியில்ல போவாதன்னா கேக்கல. இத மட்டும் கேட்டுட்டியே. இத மட்டும் எப்டியா கேட்ட?"

அதையே திரும்பத் திரும்பச் சொன்னாய். கண்ணீர் கன்னத்தில் இறங்கி அவர் நெற்றியில் விழுந்தது. மற்ற பெண்கள் அழுவதை நிறுத்திவிட்டார்கள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. பதினோரு வருஷமாக இதை வைத்துக்கொண்டா குழாயடியில் நின்று என்னோடு சிரித்தாய் என்று நினைத்தேன்.

அப்புறம் கட் என்றார்கள்.

அந்த ஆள் எழுந்து உட்கார்ந்தார். தலையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு, யாரையோ பார்த்து டீ கேட்டார். அவர் தலை இருந்த இடத்தில் உன் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. அவர் நல்ல மனிதர்தான். உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, பயந்துட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நீ, "குளுருதா?" என்று கேட்டாய்.

வீட்டுக்குத் திரும்பியதும் வாசலில் நின்று, "அவன் கையெல்லாம் சில்லுனு இருந்துச்சு, தொட்டுப் பாத்தேன். அப்புறம் எழுந்துட்டான், பாத்தியா?" என்றாய். "அது நடிப்புக்கா" என்றேன். "தெரியுது. அதத்தான் சொல்றேன்" என்றாய். நீ எதைச் சொன்னாய் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம், ஆந்திராவிலிருந்து வரும் படகுக்காரர்களிடம் மார்க்கெட்டில் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாய். என்னவோ நண்டு வியாபாரம் என்று நினைத்தேன். அவர்களில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தம்மா ஒரு ஆளை விசாரிக்குது. இடது கையில வெட்டுத் தழும்பாம். எப்ப காணாமப் போனாருன்னு கேட்டா பதினோரு வருஷம்ங்குது" என்றார். பதினோரு வருஷம் மூடியிருந்ததை நான் திறந்துவிட்டேன். படகு வரும்போதெல்லாம் இறால் கூடையிலிருந்து உன் தலை நிமிர்ந்தது. ஒவ்வொரு ஆளாக இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டாய். சென்னையிலிருந்து வந்த உன் மகள், "நீங்கதான சித்தி அம்மாவ கூட்டினு போனீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

படம் பொன்னேரி தியேட்டருக்கு வந்தபோது எட்டுப் பேரும் ஷேர் ஆட்டோவில் பகல் காட்சிக்குப் போனோம். இடைவேளைக்குப் பிறகு நம் கரை வந்தது. பெண்கள் கைதட்டினார்கள். நீ எழுந்து நடந்தாய், உட்கார்ந்தாய், மணலை வழித்தாய். உன் உதடு அசைந்தது. அதன்மேல் புல்லாங்குழலும் வயலினும் மட்டும் ஓடின. உன் குரல் இல்லை. இருபது எண்ணுவதற்குள் காட்சி மாறிவிட்டது. அடுத்து, அந்த ஆளைச் சிதையில் வைத்தார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் மற்றவர்கள் உன்னைப் புகழ்ந்துகொண்டு வந்தார்கள். நான்தான் கேட்டேன்: "உன் கொரலயே எடுத்துட்டானுங்களேக்கா."

அன்று நீ அடங்கட்டும் என்று சொல்லவில்லை. உடனே சொன்னாய். "எடுத்தது நல்லதுதான். அது அவருகிட்ட சொன்னது. டிக்கெட்டு வாங்குனவன்கிட்ட சொன்னது இல்ல."

வயல்கள் முடிந்து ஏரிக்காற்று முகத்தில் பட ஆரம்பித்தபோது என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் இன்னொன்றும் சொன்னாய்.

"படம் பாக்கலாம். முடிவுதான் தப்பு. அவன எரிச்சிட்டானுங்க. எழுந்தத நான் பாத்தேன் இல்ல?"

உன் முகத்தில் கலக்கம் இல்லை. ஒரு படத்தில் தப்பு கண்டுபிடித்தவளின் முகம்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது, மஞ்சள் காமாலை என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து உன்னைப் பார்த்த அந்தச் சாயங்காலம், சொல்லிவிட வேண்டும் என்றே வந்தேன். உன் பெயரை ஏன் முதலில் எழுதினேன் என்று சொன்னேன். நீ கண்ணை மூடியபடியே கேட்டாய்.

"தெரியும்" என்றாய். "எல்லாரும் கேமராவ பாத்துனு இருந்தாங்க. நீ என் மூஞ்சியவே பாத்துனு இருந்த."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ கேட்டாய்: "எப்டி இருந்துச்சு?"

ஊரிலுள்ள எல்லாப் படத்துக்கும் தீர்ப்புச் சொன்னவள், முதல் தடவையாக என்னிடம் ஒரு அபிப்பிராயம் கேட்டாய். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது, கிளம்புங்கள் என்றாள். நாளைக்கு வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். உன் காலைத் தடவிக்கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். விடிந்ததும் உன் மகள் போன் செய்தாள்.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஊரே அழுதது. கண்ணில் குழாய் வைத்தவள் என்று நீ சொன்ன எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சில்லென்று இருந்தது. நீ எழுந்துவிடுவாய் என்று இருந்தேன், அக்கா. பைத்தியம் பிடித்து அல்ல, தெளிவாகவே அப்படி இருந்தேன். தூக்கும் நேரத்தில் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த என் விரல்களை உன் மகள்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். படகுக்காரர்களிடம் நீ விசாரித்ததும், ஆட்டோவில் நீ சொன்னதும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

நீ கேட்டதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். படத்தில் பார்த்தவர்கள் நீ நன்றாக அழுதாய் என்கிறார்கள். நீ அழவில்லை. மிச்சம் இருந்த பேச்சைப் பேசி முடித்தாய். அதைப் பார்க்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் பார்த்தேன். இனி எந்தப் படத்தைப் பற்றியும் என்னால் அபிப்பிராயம் சொல்ல முடியாது. குழாயடியில் யாராவது கேட்டால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

நீ அந்த ஆளிடம் சொன்னது படத்தில் இல்லை. மற்ற பெண்களிடம் கேட்டால், அக்கா என்னவோ முணுமுணுத்தது என்கிறார்கள். முழுசாகக் கேட்டவள் நான் ஒருத்திதான். உன் மகளிடம்கூடச் சொல்லவில்லை.

போன வாரம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் காலையில் சண்டை. துவைத்துப் போட்ட துணிமேல் ஈர வலையைக் கொண்டுவந்து போட்டிருந்தார். நான் என்னென்னவோ சொன்னேன். டீ குடிக்காமல் கிளம்பிப் போய்விட்டார். அடுப்பை அணைக்கப் போனவள் அப்படியே நின்றேன். கடைசியாக என்ன சொன்னேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. செருப்புகூடப் போடாமல் ஏரிக்கரைக்கு ஓடினேன். படகு கிளம்பிவிட்டது. மோட்டார் சத்தத்துக்கு மேலே, "சீக்கிரம் வந்துடு" என்று கத்தினேன். அவர் காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு கையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அன்று மத்தியானம் வரைக்கும் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. அங்கன்வாடியில் ஒரு பிள்ளைக்கு இரண்டு தடவை சோறு போட்டிருக்கிறேன். அவர் எப்போதும்போல வந்தார், கூடையை இறக்கினார், கால் கழுவினார்.

"காலைல எதுக்கு அப்டி ஓடியாந்த? இன்னா சொன்ன?"

"உனக்கு கேக்கலியா?"

"மோட்டார் சத்தத்துல எங்க கேக்குது? திட்டினே ஓடியாரன்னு நெனச்சேன்" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து தினமும், அவர் மோட்டாரைப் போடுவதற்கு முன்னாலேயே போய் நின்றுவிடுகிறேன், அக்கா.