நான்கு மணி வெப்பநிலை

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எங்கள் இருவர் உடம்பிலும் வயதுக்கேற்ற கோளாறுகளுக்கு மேல் ஒன்றுமில்லை. உன் அப்பா ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு உறங்குகிறார். கேட்டால், வாங்கிய கம்பளி வீணாகலாமா என்கிறார். இந்த அறிவோடுதான் நாற்பத்தைந்து ஆண்டு குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஆனால் அவரைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் தொலைபேசியில், நான் அரசு வேலையில் இருந்தபோது எழுதிய கழிமுக அறிக்கையின் பிரதி கேட்டாய். உங்கள் நிறுவனத்துக்குக் கப்பலில் இரும்புத் தகடு அனுப்பப்போகும் உருக்காலைக்காக இங்குள்ள அனல்மின் நிலையத்தில் மேலும் இரண்டு மின் உற்பத்தி அலகுகள் கட்டப்போகிறார்கள் என்றும், நிலையம் வெளியேற்றும் வெந்நீரால் கழிமுகத்துக்குக் கேடில்லை என்பதற்கு முப்பத்திரண்டு ஆண்டுக்கு முந்தைய என் அளவீடுதான் அடிப்படைச் சான்று என்றும், அனுமதி விசாரணைக்கான கோப்பை உங்கள் நிறுவனத்தின் சார்பில் தயாரிப்பதே நீதான் என்றும் சொன்னாய். "எங்கம்மா கையெழுத்துன்னு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன்" என்று சிரித்தாய். அப்போது நான் இருமியது சளியால் அல்ல. அந்த அட்டவணையில் காலைப் பத்து மணி வெப்பநிலை நான் அளந்தது. பிற்பகல் நான்கு மணி வெப்பநிலை நான் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதியது. உன் பள்ளி மூன்றரைக்கு விடும், உன் அப்பா அப்போது வெளியூர்ப் பணியில், உன்னை அழைத்துவர வேறு ஆளில்லை. முதல் நாள் ஒரு வரிசையைக் காலை அளவோடு இரண்டு டிகிரி கூட்டி நிரப்பினேன். நாளை சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த 'நாளை', அளவெடுத்த நாற்பது நாளும் வரவில்லை. எல்லா எண்ணும் ஒரே சீராக இருந்தால் சந்தேகம் வருமே என்று அங்கங்கே தசமப் புள்ளிகளை மாற்றிப் போட்டேன். பொய்யிலும் எனக்குத் துப்புரவு வேண்டும்.

காலையில் நிலையத்தின் இரண்டு அலகுகள்தான் ஓடும், பிற்பகலில் நான்கும் ஓடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அளவெடுக்க என்னைக் கழிமுகத்துக்குள் கூட்டிப்போன படகோட்டி அப்போதே சொன்னான், "மத்தியானத்துக்கு மேல தண்ணி சுடுதும்மா, நீங்க பாப்பாவைக் கூட்டப் போங்க, அந்தக் கண்ணாடிக் குழாயை என்கிட்ட குடுங்க, பாத்து எழுதி வைக்கிறேன்" என்று. கைநாட்டு ஆளின் கையில் என் வெப்பமானியா என்று எனக்கு இளக்காரம். கைவைத்துப் பார்ப்பதெல்லாம் அறிவியல் ஆகாது என்று பதில் சொன்னேன். எனக்குப் பின் வந்தவர்கள் யாரும் படகில் ஏறவே இல்லை. என் அட்டவணையையே படியெடுத்துப் புதிய தேதி போட்டுக்கொண்டார்கள். அந்தப் படகோட்டி இன்று அதே நிலையத்தின் வாசலில் காவலாளி, ஏனென்றால் கழிமுகத்தில் அவனுக்கு மீனில்லை. நீ பேசிய மறுநாள் அவனிடமே போய்ப் படகு எடுக்கச் சொன்னேன். "முப்பது வருஷம் கழிச்சு வர்றீங்களே ஆபீசரம்மா, மீனெல்லாம் உங்களுக்காகக் காத்திருக்குமா?" என்று கேட்டுவிட்டு, ஒரு நாள் விடுப்புப் போட்டு வந்தான். காலைப் பத்து மணிக்கும் பிற்பகல் நான்கு மணிக்கும் வெந்நீர் வாய்க்கால் கலக்கும் இடத்தில் அளந்தோம். நிலையம் அன்றைக்கிருந்த அதே நான்கு அலகுதான். காலைக்கும் மாலைக்கும் என் அட்டவணை சொல்லும் வித்தியாசம் இரண்டு டிகிரி. வெப்பமானி சொன்னது ஒன்பது. எண்ணை வாசித்தவன் அவன்தான். தசமத்தோடு, தவறில்லாமல் வாசித்தான்.

ஆகவே நீ கேட்ட பிரதியை அனுப்பவில்லை. பிற்பகல் எண்கள் புனைந்தவை என்று, புதிய அலகுகளுக்கு அனுமதி தரலாமா என்று பார்க்கும் விசாரணைக் குழுவுக்கு நேற்றே பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். இத்துடன் இருப்பது அதன் நகல். உன் கோப்பு இதனால் கவிழும், உன் பெயரும் அடிபடலாம். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். கேட்டிருந்தால் நீ அழுதிருப்பாய், நான் தள்ளிப்போட்டிருப்பேன். தள்ளிப்போடுவதில் எனக்குள்ள திறமையை மேலே விவரித்திருக்கிறேன். கோபப்படு, ஒரு மாதம் பேசாமல் இரு, தாங்கிக்கொள்வேன். ஆனால் விசாரணை பன்னிரண்டாம் தேதி; அதற்குள் உன் மேலதிகாரியிடம் நீயே முந்திச் சொல்லிவிடு. பிறர் வாயால் தெரிந்தால் தாயும் மகளும் கூட்டு என்பார்கள்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. உனக்கு நீண்ட ஆயுளும், என்னைவிட நேரான முதுகெலும்பும் வாய்க்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. நான்கு மணிக்கு ஏன் அளக்கவில்லை என்று விசாரணையில் கேட்பார்கள். ஆணவம் என்று சொல்வேன், அதுதான் உண்மை. பள்ளி வாசலில் பையோடு நின்ற பிள்ளையின் பேச்சை அங்கே நான் எடுக்கப்போவதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா