புல்தரையில் ஆட்டுப்பட்டி

மே 4, சனி

யூரியா மூட்டையையும் களைக்கொல்லி பாட்டிலையும் ஷெட்டுக்குள் போட்டுப் பூட்டினேன். இனித் தொடுவதில்லை. குன்னூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் எட்டு வருடம் புல் வளர்த்தவளாக்கும் நான். இந்த மொரப்பூர் வெயிலில் யூரியா போட்ட இடமெல்லாம் வட்ட வட்டமாகத் தீய்ந்துவிட்டது. போதாததற்கு, பக்கத்து வீட்டு ராமக்காவின் மாடு வேலிக்கு மேலே தலை நீட்டி மேய்கிறது. நேற்று நான் மருந்து அடிக்கும்போது அவர் கேட்டார்: "ஏங்க, இத மாடு தின்னா என்னாவும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதுதான் பயமாகிவிட்டது.

மே 7

புல்லுக்கு இன்று சாம்பல், புளித்த மோர், மாட்டு மூத்திரம். டியூட்டி முடிந்து வந்த குரு மூக்கைப் பொத்திக்கொண்டு, "நாம வீட்டுக்குக் குடி வந்தோமா, கட்டுத்தறிக்கா?" என்றார். என் ஸ்டேஷன் மாஸ்டர் புருஷனுக்கு நக்கல் ஜாஸ்தி. சாப்பாட்டுக்கு அந்த மோரையே ஊற்றியிருக்கலாம்.

மே 12, ஞாயிறு

வந்து நாலு மாதம். ராமக்கா இல்லையென்றால் இந்த ஊரில் வாய் திறக்க எனக்கு ஆள் கிடையாது. தினம் சாயங்காலம் வேலியோரம் அரை மணி நேரம், அவ்வளவுதான் என் ஊர்.

நாளை நானும் குருவும் குன்னூர் போகிறோம், அம்மாவைப் பார்க்க. கேட் சாவியை ராமக்காவிடம் கொடுத்து, "இயற்கை உரம் பத்தி எனக்கு ஒண்ணும் புரியலக்கா. நல்லதா நீங்களே ஏதாவது போட்டுடுங்க" என்றேன்.

"நா பாத்துக்கறேன், போய்ட்டு வாங்க."

மே 15, புதன்

போச்சு. எல்லாம் போச்சு.

காலையில் வந்து கேட்டைத் தள்ளினால் ஆடு. நூறாவது இருக்கும். புல்தரையைச் சுற்றிப் படல் கட்டி உள்ளே அடைத்திருக்கிறார்கள். ஒரு கிடா என் துளசியை மென்றுகொண்டே, நீ யாரு என்கிற மாதிரி பார்த்தது. ஒரு புல் மிச்சமில்லை. மண்ணும் புழுக்கையும்தான்.

ராமக்கா சிரிச்ச முகமா ஓடி வந்தாங்க. "ராத்திரி பூரா பட்டி போட்டாச்சுங்க. இத விட உரம் ஏது?"

நான் என்ன சொன்னேன்? "உங்களுக்கு அறிவிருக்கா? ஆட்டை யாரு கேட்டா?" — தெருவே பாத்துட்டு நிக்கறப்போ. உரம் போடச் சொன்னது நான்தானே?

ராமக்கா சாவியைக் கேட் மேல் வைத்துவிட்டுப் போனார்.

மே 16

ராமக்கா வேலிப் பக்கம் வரவில்லை.

மே 17

விட்டுப்போன படல் ஒன்றை எடுக்க ஆட்டுக்காரர் மாது வந்தார். அவரிடமும் எகிறினேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "அந்தக்கா தன் மொறைய உங்களுக்கு வுட்டுக் குடுத்துச்சுங்க. அது ராகி வெதைக்கற காட்டுக்கு வர வேண்டிய மொற."

அறுவடை முடிந்த காட்டில் ராத்திரி ஆட்டை அடைத்து உரம் ஏற்றுவது இங்கே வழக்கமாம். ஊருக்குள் அதற்கு வரிசை. ஒருவருக்கு வருடத்தில் ஒரு ராத்திரி. தன்னுடைய அந்த ஒரு ராத்திரியைத்தான் என் புல்லுக்குக் கொடுத்திருக்கிறார்.

வெட்கமாயிருக்கு. என்ன பேச்சு பேசிட்டேன் நான்.

மே 19

மாதுவைத் தேடிப் போனேன். ராமக்கா காட்டில் இன்னொரு ராத்திரி பட்டி போடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"குட்டை வத்திப் போச்சுங்க. ஆட்டுக்குத் தண்ணிக்கு எங்க போவேன்?"

"எங்க வூட்டுத் தொட்டி இருக்கு" என்றேன். வூடு என்று என் வாயில் எப்போது வந்து ஒட்டியதோ.

மே 20

அண்டா, பக்கெட், குரு துணி ஊறவைக்கும் டப், குக்கர் உட்பட எல்லாவற்றிலும் தண்ணீர். குரு அரை வாளியில் குளித்துவிட்டு டியூட்டிக்குப் போனார். நூறு ஆடும் குடித்து முடித்து ராமக்கா காட்டுக்குப் போயின.

காட்டோரம் ராமக்கா நின்றிருந்தார். "மன்னிச்சுடுங்கக்கா" என்றேன்.

"ஆட்டுக்குத் தண்ணி பத்துச்சா?" என்றார். அவ்வளவுதான். கோபம் போயிற்றா இல்லையா?

ஜூன் 9, ஞாயிறு

நாலு மழை விழுந்தது. புல் தழைத்து வருகிறது. குன்னூரில்கூட இந்தப் பச்சை பார்த்ததில்லை. கூடவே ஊர்ப்பட்ட வேலிக்கருவேலங்கன்று. ஆடு தின்ற காயெல்லாம் புழுக்கை வழியாக வந்து முளைத்திருக்கிறது. பிடுங்க உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ராமக்கா. அவரும் பிடுங்கத் தொடங்கினார்.

"வேரோட இழுங்க. மேலாக்கப் பிச்சா மறுபடி வரும்."

இருபது நாளைக்கப்புறம் கேட்ட குரல். கண் கலங்கிவிட்டது. "உங்க முறையை எதுக்குக்கா எனக்குக் கொடுத்தீங்க?"

"தெனம் அந்தக் காஞ்ச புல்லுகிட்டயே உக்காந்திருந்தீங்க. ஊருக்கு ஏங்கறீங்கன்னு தெரிஞ்சுது. இது பச்சையா வந்துட்டா இங்கயே இருந்துடுவீங்கன்னு நெனச்சேன்."

நான் பதினோரு கன்று பிடுங்கினேன், அவர் முப்பதுக்கு மேல்.

ஜூலை 14, ஞாயிறு

சந்தையில் மாது எதிர்ப்பட்டார். அடுத்த வருடப் பட்டி வரிசைக்கு இப்போதே பெயர் சொல்லுகிறார்களாம். ராமக்கா பெயருக்கு அடுத்து என் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன்.

"மறுபடி மொத்தப் புல்லும் போயிடுமே" என்றார் குரு.

போகட்டும். வளர்கிற வரைக்கும் இங்கேதானே இருக்கப் போகிறோம்.