பழைய இரும்பு

20.8.2008, புதன். சிதம்பரம்.

ஏழுமலையிடம் இன்று பொய் சொன்னேன்.

போன மாதம் அவர் தன் கரும்புக் கொல்லையில் உழும்போது அகப்பட்ட இரும்புக் கட்டியைச் சாக்கில் சுற்றி, நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் என் கல்லூரிக்குத் தூக்கி வந்தார். நான் ஜியாலஜி வாத்தியார். காந்தம் பட்டென்று ஒட்டியது. அந்த ஊர் நிலத்தில் இரும்பு கிடைத்தால் சர்க்கரை ஆலைச் சாமான் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஓரத்தில் ஒரு துண்டை மட்டும் அறுத்து வைத்துக்கொண்டு, "பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்று அனுப்பிவிட்டேன்.

இன்று காலைதான் அந்தத் துண்டைத் தேய்த்து அமிலத்தில் போட்டேன். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் எழுந்தன. எந்த உலையிலும் அது வராது. வானத்தில் உடைந்துபோன ஏதோ ஒரு சிறு கோளின் நடுவயிற்றில், பல லட்சம் வருடம் மெதுவாக ஆறி, விண்கல்லாக இங்கே விழுந்த இரும்பு அது. பூமியின் மையமும் இதே சரக்குதான் என்று இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். அங்கே யாரும் தோண்டிப் போக முடியாது. மேலிருந்து விழுவதை வைத்துத்தான் கீழே இருப்பதைச் சொல்கிறோம். அது என் மேஜை வரை வந்திருந்தது.

உடனே போன் செய்தேன்.

"அத அன்னைக்கே கடையில போட்டுட்டேன் சார். உருக்கிட்டாங்களாம். ஏன் சார், நல்ல பொருளா?"

"இல்லைங்க, சும்மாதான் கேட்டேன்."

"அதான, நீங்க பாக்காததா சார்" என்றார்.

மிஞ்சியிருப்பது கட்டைவிரல் நகம் அளவு. நாளை முதல் வகுப்பே பூமியின் மையம்தான். துண்டைக் காட்டினால், மீதி எங்கே சார் என்று கேட்பார்கள்.