மா-4 தொட்டி

நாள் 212. 07:10. உணவு: 186 பொட்டலம்.

துளைக்கருவி ஓடுகிறது. காற்றழுத்தம் சரி. தண்ணீர் சுத்திகரிப்பு சரி. வெளியே வேலை செய்கையில் ஒரு ஸ்பேனர் கை நழுவி மேலே போய்விட்டது. இனி வராது. நழுவியதைப் பிடித்து வைக்கும் அளவுக்கு இந்தக் கல்லுக்கு இழுப்பு கிடையாது; நிலையத்துக்குள் மட்டும்தான் செயற்கை இழுப்பு.

இதை எடுப்பவருக்கு: நான் பிச்சைக்கனி, துளைக்கருவி மெக்கானிக். இந்தச் சிறுகோளில் இரண்டு பேர் இருந்தோம். தாவரப் பிரிவைப் பார்த்துக்கொண்ட அமலோற்பவம் காய்ச்சலில் நினைவு தப்பி விழுந்தாள். மருத்துவக் கப்பல் வந்து, அவளைத் தூக்கக் கூண்டில் கிடத்தி, நேற்றுக் கொண்டுபோய்விட்டது. அடுத்த கப்பல் நாள் 302. நாளுக்கு இரண்டு பொட்டலம் தின்றால் ஆறு மிஞ்சும்.

அவள் விட்டுப்போனது ஒரு தொட்டி. அதில் ஒற்றைத் தண்டு. மேலே சீட்டு: 'மா-4. உயிரோடு வைக்கவும்.' மா என்றால் மாதிரி; என்ன செடி என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு கிரீஸ் தெரியும், போல்ட் தெரியும். செடியைப் பற்றி ஒரு எழவும் தெரியாது.

நாள் 219. 06:55. உணவு: 172.

செடி என்றால் பார்க்க நன்றாக இருக்க வேண்டாமா? இதன் தண்டு முழுக்கப் பாம்புத் தோல் மாதிரிப் புள்ளி. தொட்டால் சொரசொரப்பு. உச்சியில் குடை மாதிரி ஓர் இலை, அதில் நூறு கிழிசல். இப்போது ஓரம் மஞ்சளாகிறது.

ஆண்டெனா அடிபட்டதிலிருந்து இங்கிருந்து நாளுக்கு ஐம்பது சொல்தான் போகும், படம் போகாது. அந்த ஐம்பதையும் இந்தச் சனியனை வர்ணிக்கச் செலவழித்தேன்.

நாள் 221. 11:30. உணவு: 168.

தரை நிலையத்தில் கோதண்டபாணி என்று ஓர் அதிகாரி. அவர் பதில்:

"சார், கமிட்டி கூடிப் பேசிட்டோம். கிழிஞ்ச இலை, ஒத்தைத் தண்டுன்னு பார்த்தா பப்பாளியாத்தான் இருக்கணும். தினம் காலையில ஒரு லிட்டர் தண்ணி ஊத்துங்க. பழம் வந்தா தகவல் சொல்லுங்க."

கமிட்டியாம். என் குளியல் தண்ணீரிலிருந்துதான் அந்த ஒரு லிட்டரை எடுக்க வேண்டும். இனி வியர்வை நாற்றத்தோடு பப்பாளிக்குப் பணிவிடை.

நாள் 233. 08:20. உணவு: 144.

குளிக்காமல் தண்ணீர் ஊற்றியதற்கு நல்ல மரியாதை. இலை முழுக்க மஞ்சள், தண்டு அடியில் கொழகொழ. சாய்ந்ததைக் குச்சி வைத்துக் கட்டினேன். சாறு கையில் பட்டு முழங்கை வரை அரிப்பு. சொறிந்து சொறிந்து தோல் உரிந்துவிட்டது. சீ. எந்தப் பப்பாளி இப்படி அரிக்கும்?

நாள் 240. 16:05. உணவு: 130.

இரண்டு செய்தி. இரண்டும் கெட்டது.

"சார், மனசைத் தளரவிடாதீங்க. கப்பல்ல எஞ்சின் கோளாறு. நாள் 412க்குத்தான் வரும். இருக்கிறதை வச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

அட்ஜஸ்ட். இனி நாளுக்கு ஒரே பொட்டலம். அதற்குக் கீழே போனால் நிற்கவே முடியாது. அப்படியும் கணக்குப் போட்டேன்: நாள் 370-ல் கடைசிப் பொட்டலம். அதன்பின் நாற்பத்திரண்டு நாள் ஒன்றும் கிடையாது. நான் செத்துப்போவேன் என்பதைத்தான் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது: செடி செத்தது. தண்டு சுருண்டு, வெந்த கீரை மாதிரி தொட்டிமேல் படுத்துவிட்டது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். செடிக்காக இல்லை என்று எழுதி வைக்கிறேன். கொஞ்சம் செடிக்காகவும்தான்.

செத்ததற்கு எதற்குத் தண்ணீர்? இன்றோடு நிறுத்தினேன்.

நாள் 262. 07:00. உணவு: 108.

மா-4 சாகவில்லை. காய்ந்த மண்ணைப் பிளந்துகொண்டு முழங்கை உயரத்துக்கு ஏதோ வந்திருக்கிறது. நுனியில் கருஞ்சிவப்பு மொட்டு. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: சந்தோஷமாக இருக்கிறது. எழுந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன். வாடா ராசா, நீயாவது பிழைத்தாயே.

நாள் 268. 09:40. உணவு: 102.

ராசாவாவது மண்ணாவது. பூத்திருக்கிறது.

பூவா அது? அழுகின மாமிச நிறத்தில் ஒரு விரிந்த மடல். நடுவே சுருக்கம் விழுந்த மண்டை மாதிரி ஒரு குமிழ். தொட்டால் காய்ச்சல் கண்ட உடம்பு மாதிரிச் சுடுகிறது. நாற்றமோ, பரண்மேல் பெருச்சாளி செத்து ஒரு வாரம் ஆன நாற்றம். காற்றுக் குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் போய்விட்டது. தலையணையில் நாற்றம். குடிக்கிற தண்ணீரில் நாற்றம். என் மீசையில் நாற்றம். கருமம்.

நாள் 269. 13:15. உணவு: 101.

இன்றைய பொட்டலத்தைத் தின்றேன். தின்ற கையோடு முழுவதையும் வாந்தியெடுத்தேன். ஒரு நாள் உயிர் தரையில் கிடந்தது. வழித்துத் தின்னலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அப்படி யோசிக்க வைத்துவிட்டதே இந்தப் பூ. அதற்குத்தான் அதை மன்னிக்கவே முடியாது.

தரை நிலையம்: "சார், செடி அழுகிப்போச்சுன்னு தெரியுது. உடனே வெளியேத்திடுங்க."

முதல் தடவையாகக் கோதண்டபாணி உருப்படியாக ஒன்று சொன்னார். தொட்டியோடு கதவறைக்கு இழுத்துப்போனேன். விண்வெளி உடுப்பு போட்டுக்கொண்டு, வெளிக்கதவைத் திறந்து, ஆத்திரம் தீர ஓர் உதை விட்டேன். தொட்டி உருண்டு உருண்டு மேலே போயிற்று. தூ, போ. நாற்றம் ஏறிய காற்று வடிகட்டியைக் கழற்றிப் பையில் போட்டு, இரண்டு முடிச்சுப் போட்டுக் கிடங்கில் எறிந்தேன். இன்று குளித்தேன்.

நாள் 271. 10:02. உணவு: 99.

செய்தி. அமலோற்பவம். அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணாச்சி, நேத்துதான் முழிச்சேன். நீங்க எழுதுனதெல்லாம் காட்டுனாங்க. பப்பாளின்னா சொன்னாங்க? சிரிச்சு சிரிச்சு வயிறு நோவுது. அது சேனை அண்ணாச்சி, நம்ம சேனைக்கிழங்கு! இலை பட்டுப்போனா செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, கிழங்கு உறங்குது. பூ வந்தா பொணநாத்தம் அடிக்கும், அஞ்சு நாள் மூக்கப் பொத்திக்கிட்டு இருந்துருங்க. கப்பல் பிந்துனா நமக்குத் திங்க ஆகும்னுதான் மேலிடத்துக்குத் தெரியாம வளத்தேன். அடியில பதிமூணு கிலோ தேறும். புளியும் தொட்டிக்கு அடியிலதான் ஒட்டி வச்சிருக்கேன். புளி போடாம அவிச்சுராதீங்க, நாக்க அரிச்சு எடுத்துரும். பத்திரமா இருங்க அண்ணாச்சி."

நாள் 271. 10:40.

வாரம் தவறாமல் சேனை வறுவல் தின்றவன் நான். கடையில் மண் ஒட்டிய உருண்டையாகப் பார்த்திருக்கிறேன், தட்டில் மொறுமொறு துண்டாகப் பார்த்திருக்கிறேன். அதற்கு இலை இருக்கும், பூ இருக்கும் என்று ஒரு நாளாவது நினைத்ததுண்டா? கை அரித்தபோதாவது மண்டையில் உறைத்திருக்க வேண்டாமா? சேனை நறுக்கினால் கை அரிக்கும் என்று தெரியாத தமிழன் எவனாவது உண்டா? தூ. இந்தத் தடவை என் முகத்தில்.

பதிமூன்று கிலோ. நாற்பத்திரண்டு நாள். நாளுக்கு முந்நூறு கிராம். எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு இருந்திருப்பேன்.

நில அளவைத் தொலைநோக்கியில் தொட்டியைத் தேடினேன். கிடைத்தது. தொண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால், மெதுவாக உருண்டுகொண்டு போகிறது. என் உடுப்பின் உந்துவாயு இரண்டு கிலோமீட்டருக்குத்தான் காணும்.

நாள் 274. 09:00. உணவு: 96.

தொலைநோக்கியில் தொட்டி இப்போது ஒரு புள்ளி. அமலோற்பவத்துக்கு என்ன பதில் எழுத? 'பூ நன்றாக இருக்கிறது, மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறேன்' என்று அனுப்பினேன். ஐந்தே சொல். மிச்சம் நாற்பத்தைந்தை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

நாள் 277. 09:00. உணவு: 93.

தெரியவில்லை.

நாள் 370. 18:30. உணவு: 0.

பொட்டலத்தின் உள்பக்கத்தையும் நக்கிவிட்டேன்.

நாள் 391. நேரம் பார்க்கவில்லை.

கருவியை நிறுத்திப் பல நாள். எழுந்து நின்றால் இருட்டிக்கொண்டு வருகிறது. கப்பலுக்கு இன்னும் இருபத்தொரு நாள்.

கிடங்குக்குத் தவழ்ந்து போய் வடிகட்டிப் பையை எடுத்தேன். இரண்டு முடிச்சு. விரலில் தெம்பில்லை, பல்லால் அவிழ்த்தேன்.

நாற்றம் அப்படியே இருக்கிறது. அதே செத்த பெருச்சாளி. சீ என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

எச்சில் ஊறியது.

முகத்தை உள்ளே புதைத்து இழுத்தேன். இன்னொரு தடவை. வறுவல் வாசனை. இல்லை, நாற்றம்தான். இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் இருக்கிற