காய்ச்சல் இல்லாத வலி

அன்புள்ள சின்னக்குட்டிக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கச் சொல்கிறாள், சரி, சுகம்தான், என் வலது கையைத் தவிர. நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய், அதனால் இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. போனில் சரிப்பா சரிப்பா என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது பார்.

கை விஷயத்துக்குப் பதறாதே. காலமெல்லாம் ஏணியில் நின்று சுவருக்கு வண்ணம் அடித்தவன், ஒரு நாளும் விழுந்தவனில்லை, போன மாதம் மழையில் ஊறி இறுகிப்போன சமையலறை ஜன்னலை வேகமாக இழுத்தேன், அவ்வளவுதான், மணிக்கட்டில் சுளீர் என்றது. நம் வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியுமே, எந்த வலி வந்தாலும் மூன்று நாள் பார்ப்பது. என் அப்பாவிடமிருந்து எனக்கும் உன் அத்தைக்கும் வந்து, உன் அண்ணனை விட்டுவிட்டு உன்னைப் பிடித்துக்கொண்ட அந்தக் காய்ச்சல் அடிக்கடி வலியோடு வந்து, மூன்றாம் நாள் வலியையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும், அதனால் வந்த பழக்கம். துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நாலாம் நாள் கை பூசணிக்காய் மாதிரி வீங்கியதும் உன் அண்ணி, மாமா, இது உங்க வீட்டுக் காய்ச்சல் இல்ல, உடம்பு சில்லுன்னு இருக்கு, கிளம்புங்க என்று சட்டையை மாட்டிவிட்டு இழுத்துக்கொண்டு போனாள். எலும்பு முறிந்திருந்தது.

எலும்பு டாக்டருக்கு உன் வயசுதான் இருக்கும். ஜன்னலை இழுத்தா கை உடையுமா தாத்தா என்று கேட்டு, காய்ச்சல் கதை முழுவதையும் என்னிடமிருந்து பிடுங்கிவிட்டாள். பிறகு எலும்பின் கெட்டியை அளக்கும் மெஷினில் படுக்க வைத்தார்கள், எலும்பு உளுத்துப்போயிருக்கிறதாம். இந்தக் காய்ச்சல் வரும்போது மட்டும் எரிவதில்லையாம், நீறு பூத்த நெருப்பாக உள்ளேயே கிடந்து வருஷக்கணக்கில் எலும்பை அரிக்குமாம். உங்க குடும்பத்துல யாருக்கெல்லாம் இந்தக் காய்ச்சல் இருக்கோ அவங்களையும் பாக்கச் சொல்லுங்க, சின்ன வயசுன்னு விட்டுடாதீங்க என்றாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கு எழுத்துத்தான் தெரியாது, மறக்கவும் தெரியாது. உன் அத்தைக்கு முதுகு வலி வந்தபோது அவளும் மூன்று நாள், இன்னொரு மூன்று நாள் என்று தள்ளினாள். மேல் தட்டு டப்பாவை எட்டி எடுத்துக்கொண்டிருந்தவள் முக்காலி போட ஆரம்பித்தாள். என்னடி, துவைச்ச துணி மாதிரி சுருங்கிட்ட என்று கேலி செய்தோம், அவளும் சிரித்தாள். முதுகெலும்பு நொறுங்கி அமுங்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் அவள் என் முகத்தைப் பார்க்க நான்தான் குனிய வேண்டியிருக்கிறது.

நீ போன தடவை வந்தபோது மேல் தட்டு பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கொடுப்பா என்றாய். பள்ளிக்கூடம் போகும்போதே எட்டி எடுத்துத் திருடித் தின்ற டப்பா அது. சோம்பேறிக் கழுதை என்று சொல்லி எடுத்துக் கொடுத்தேன். போன வாரம் போனில், தும்மினேன்ப்பா, முதுகு பிடிச்சிக்கிச்சு, மூணு நாள்ல போயிடும் என்றாய். காய்ச்சல் அடிக்குதா என்றேன். இல்லை என்றாய். காய்ச்சல் இல்லாத வலி நம் வலி இல்லை கண்ணு. அதற்கு நம் வீட்டுச் சட்டம் செல்லாது.

அதனால் உடனே போய் முதுகைப் படம் எடு, எலும்பையும் அளக்கச் சொல். உயரத்தையும் பார்க்கச் சொல். அதுவரை நீ வேலை செய்யும் சலவைக்கூடத்தில் ஈர விரிப்பு மூட்டையைத் தூக்காதே, மேற்பார்வைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும், முறைப்பில் எலும்பு உடையாது. காய்ச்சல் வராத மாதம் அதற்கான மாத்திரையை நிறுத்திவிடுகிறாயாம், அண்ணி சொல்லிவிட்டாள், அவள்மேல் கோபப்படாதே, டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதே.

பிஸ்கட் டப்பாவை நேற்று கீழ்த் தட்டுக்கு இறக்கி வைத்தேன். எதுக்கு மாமா என்று அண்ணி கேட்டாள், நான் சொல்லவில்லை. இப்போதுதான் அவளுக்கும் தெரிகிறது, பேனா நின்றுவிட்டது, எழுதும்மா என்கிறேன்.

நீ நிமிர்ந்து நட, நூறு வயசு நன்றாயிரு. மூன்று நாள் பார்க்காதே, இன்றைக்கே போ.

இப்படிக்கு,
உன் அப்பா
(இடது பெருவிரல் ரேகை, அந்தக் கை நன்றாகத்தான் இருக்கிறது)