ஸ்பேனர் கிடைக்கும்வரை விமானம் கிளம்பாது

அண்ணே,

தார்ச்சாலையில் காயும் நெல்லின் வாசனை காருக்குள் வந்தபோதே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. உன் தலைத் திவசத்துக்காக ஒரத்தநாடு தாண்டி வந்துகொண்டிருந்தேன். போன வருஷம் நீ பைக்கோடு விழுந்து செத்துப்போன அதே வாய்க்கால் திருப்பத்தில், பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு சம்பா நெல். குவியல்களை மூடிய தார்ப்பாய்கள் பறக்காமல் இருக்கச் சுற்றிலும் கருங்கல். இந்த ஊர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

விமானத்துக்குப் பயந்தவன் நீ. விமானங்களைப் பழுது பார்க்கும் வேலையில் நான் இருந்தும், ஒரு தடவைகூடத் திருச்சியில் ஏறிச் சென்னைக்கு வரவில்லை. "நடுவழியில நின்னா எறங்கித் தள்ள முடியுமா, பாப்பா?" என்பாய். சொல்லிவிட்டு ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்புவாய். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

ஒருநாள் போனில் உன்னிடம் சொன்னேன். வேலை முடிந்ததும் ஒவ்வொரு கருவியும் பெட்டியில் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்போம். அன்று ஒரு ஸ்பேனர் குறைந்தது. பயணிகள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் அது கிடைக்கும்வரை விமானத்தை விடவில்லை. கடைசியில் என்னோடு வேலை பார்ப்பவர், "இறக்கைக்குள்ள வச்சு மறந்துட்டேன்" என்று தானே வந்து சொன்னார். அவரை யாரும் திட்டவில்லை. மேலதிகாரி நன்றி சொன்னார். நீ சிரித்தாய். "ஒரு ஸ்பேனருக்கா இவ்ளோ கூத்து?"

ஆமாம் அண்ணே, அந்தக் கூத்தால்தான் விமானத்தை நம்பி ஏற முடிகிறது. எங்கோ ஒன்று விழுந்தால், ஏன் விழுந்தது என்று தோண்டித் துருவுவார்கள். கண்டதை ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லி, மற்ற விமானங்களில் அதைச் சரிசெய்வார்கள். தெரியாமல் தவறு செய்தவன் பயமில்லாமல் வாய் திறக்க வேண்டும் என்றுதான் அவனைத் தண்டிப்பதில்லை.

நீ விழுந்தபோது என்ன நடந்தது? நெல்லை அள்ளிப்போன யாரோ ஒரு கல்லை எடுக்காமல் விட்டார். பொழுது சாயும் நேரத்தில் உன் முன்சக்கரம் அதில் ஏறியது. யாருடைய கல் என்று கேட்டேன். "விதி முடிஞ்சுபோச்சு, இனிமே கேட்டு என்ன ஆவப்போவுது?" என்றார் அண்ணி. ஊரும் அதையே சொன்னது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று திருப்பத்தில் காரை நிறுத்தி இறங்கினேன். ஒரு குவியலில் மட்டும் கல் இல்லை. தார்ப்பாயின் மேல் மணல் மூட்டைகள். நாம் பெரியப்பா என்று கூப்பிடும் பக்கத்து வயல்காரர் அங்கே காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"நீங்க மட்டும் மூட்ட வச்சிருக்கீங்களே, பெரியப்பா?"

அவர் நிமிரவில்லை. "அன்னைக்குக் கல்ல எடுக்க மறந்தது நான்தாம்மா. அதுலேர்ந்து கல்லு வைக்கிறதில்ல."

"மத்தவங்ககிட்ட சொன்னீங்களா, கல்லு வேணாம்னு?"

"எப்புடிம்மா சொல்றது? ஏன்னு கேப்பாங்கல்ல?"

வேலையிடமாக இருந்தால் அந்த நொடியே நன்றி சொல்லியிருப்பேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். அங்கே எனக்கு வாய் வரவில்லை. "ஒரு வருஷமா எங்க வீட்டுக்கு வந்து போனீங்களே!" என்று கத்திவிட்டுக் காரில் ஏறினேன்.

அவர் ஊரைக் கூட்டி உண்மையைச் சொன்னால் மற்றவர்களும் கல்லை விட்டுவிடுவார்கள். உன் மகன் இந்தத் திருப்பத்தில்தான் தினமும் பைக்கில் கல்லூரிக்குப் போகிறான். அவரைப் பேசவைக்க வேண்டுமானால், "உங்க மேல கோவமில்ல" என்று முதலில் நான் சொல்ல வேண்டும். படையல் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். அவர் மட்டும் வாசலில் நிற்கிறார். எனக்கோ கோபம் போகவில்லை, அண்ணே.