வைக்கோல் டயர்

2006, மாசி, ஞாயிறு ராத்திரி

கல்வராயன் மலையைச் சைக்கிளிலேயே சுத்திட்டு வூடு வந்து சேர்ந்தாச்சு. உடம்பெல்லாம் வலி, ஆனாலும் தூக்கம் வரலை. அந்த வைக்கோலே மனசுல நிக்குது.

என் பொண்டாட்டி செல்விக்குப் பீங்கான் கம்பெனியில பேக்கிங் வேலை. நான் கிளம்பறப்போ என் பையிலயும் கோப்பைப் பெட்டி மாதிரி வைக்கோலைத் திணிச்சு வச்சிருந்தா. "மாட்டுக்குத் தீனி கொண்டுபோறேனா நான்?"னு கத்தினேன். "வழியில சமைக்கற ஸ்டவ்வு அடிபடாம இருக்கும், எடுத்துட்டுப் போங்க"ன்னா.

இன்னிக்குக் காலையில மலை இறங்கறப்போ, கல்லுப் பாதையில பின்சக்கர ட்யூப் கிழிஞ்சுபோச்சு. கையில இருந்த இன்னொரு ட்யூபை ஏறும்போதே மாட்டியாச்சு. சுத்துவட்டாரத்துல ஒரு வூடு கிடையாது, குடிக்கத் தண்ணியும் தீர்ந்துபோச்சு. வேற வழியில்லாம பையில இருந்த வைக்கோலை முறுக்கி டயருக்குள்ள அடைச்சேன். அடைக்கும்போதே அவளை மனசாரக் கும்பிட்டுக்கிட்டேன். குலுங்கிக் குலுங்கி அடிவாரத்து சைக்கிள் கடை வரைக்கும் அதுலயே வந்துட்டேன்.

வாசல்லயே நின்னு இதைச் சொன்னேன். செல்வி சிரிக்கலை. கோப்பையில விரிசல் இருக்கான்னு சுண்டிப் பாக்கற மாதிரியே என் நெத்தியில விரலால சுண்டி, காதைக் கிட்ட வச்சுக் கேட்டா.

"விரிசல் இல்ல. உள்ள வாங்க."